புகார்தாரர், கதவு எண் 14

அளந்துகொள்ளுங்கள் மேஸ்திரி. நான் பேசிக்கொண்டிருப்பேன், நீங்கள் பாட்டுக்கு அளந்துகொண்டிருங்கள். பலகையில் கால் வைக்கும்போது மட்டும் பார்த்து வையுங்கள், நடுவில் விரிசல் இருக்கிறது. ஐம்பது நாளாக இந்த ஒற்றைப் பலகையில்தான் வீட்டுக்குள் போவதும் வருவதும்.

வீரமணி என்றுதானே சொன்னீர்கள்? வேலை இருக்கிறதா என்று நீங்களாகவே வந்து கேட்டது நல்லதாகப் போயிற்று. ஹார்டுவேர் கடையில் நான்கு நாளாகச் சொல்லி வைத்திருக்கிறேன், ஒருவரும் வரவில்லை. வரவிடாமல் யாரோ தடுக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். எதிர் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது.

எனக்கு வேண்டியது பழைய ரேம்ப். பழையது எப்படி இருந்ததோ அப்படியே. பன்னிரண்டு அடி அகலம். கேட்டில் ஆரம்பித்து, சாக்கடையைத் தாண்டி, ரோட்டில் மூன்றரை அடி இறங்க வேண்டும். காரின் அடிவயிறு தட்டக் கூடாது. மாநகராட்சி நோட்டீசில் இதைச் சாய்தளம் என்று எழுதியிருந்தார்கள். சாக்கடையை மழைநீர் வடிகால் என்று எழுதியிருந்தார்கள். பெயர் பெரிதானால் குற்றமும் பெரிதாகத் தெரியும் அல்லவா.

விதியெல்லாம் எனக்கு மனப்பாடம், நீங்கள் சொல்ல வேண்டாம். சாய்வு முழுவதும் மதிலுக்கு உள்ளே இருக்க வேண்டும். சாக்கடை மேல் தூக்கி எடுக்கிற மாதிரிக் கல்தான் போட வேண்டும். நான்கு அடிக்கு ஒரு மூடி வைக்க வேண்டும், தூர் வாருகிறவர்கள் திறந்து பார்க்க. ரோட்டில் ஓர் அங்குலம்கூட நீட்டக் கூடாது. மணலும் ஜல்லியும் தெருவில் கொட்டக் கூடாது. வீட்டுத் தண்ணீரை அந்தச் சாக்கடையில் விடக் கூடாது, அது மழைக்கு மட்டுமாம். நோட்டீசின் பின்பக்கம் முழுக்க இதுதான். இந்தத் தெருவில் நாற்பது வீடு இருக்கிறது. எல்லா விதியையும் கடைப்பிடிக்கிற வீடு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். அப்படியிருக்க, பதினான்காம் நம்பர் மட்டும் எப்படி அவர்கள் கண்ணில் பட்டது? யாரும் சொல்லாமலா?

நான் மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். ரீடிங் எடுக்கிறவனாகச் சேர்ந்தேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் திருட்டுக் கரண்டு பிடிக்கிற படையில். கொக்கி போட்டுக் கரண்டு எடுக்கிறவனை நாங்களா கண்டுபிடித்தோம் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்து வீட்டுக்காரன் கடுதாசி போடுவான். மச்சான் போடுவான். ஒரு தடவை பெற்ற அப்பனே போட்டிருந்தார். ஆள் காட்டாமல் நாங்கள் ஒரு வாசலையும் மிதித்ததில்லை. அதனால்தான் நோட்டீஸ் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, இதற்குப் பின்னால் ஓர் ஆள் உண்டு என்று.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ரேம்ப் போட்டு இரண்டு வருஷம். கார் வாங்கிய புதிதில் போட்டது. அதற்கு முன் இந்த இடத்தில் மாநகராட்சி போட்ட கல்லும் இரண்டு மூடியும் இருந்தன. தூர் வார வருகிறவர்கள் மூடியைத் திறந்து சகதியை அள்ளி வாசலிலேயே குவித்துவிட்டுப் போவார்கள், அது காய்ந்து மறுபடியும் உள்ளேயே விழும். மூடி இருந்தால்தானே திறப்பார்கள்? கல், மூடி எல்லாவற்றுக்கும் மேலேயே கம்பி கட்டி, ஆறு அங்குலம் கான்கிரீட் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரி கோமளா மட்டும், "மூடியை விட்டுட்டுப் போடலாமே" என்றாள். பெண்களுக்குக் கட்டட வேலை தெரியாது. தெரிந்திருந்தால் அப்போதே வேறு மாதிரிச் சொல்லியிருப்பாள்.

போன புரட்டாசியில் தூர் வார ஐந்து பேர் வந்தார்கள், கூடவே ஒரு சூப்பர்வைசர். மூடி எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரே ஒரு சதுர அடி உடைத்துக்கொள்கிறோம், மறுநாளே பூசித் தருகிறோம் என்றார். எனக்கா தெரியாது? உடைக்கிற சாக்கில் எவ்வளவு தடிமன், என்ன கம்பி, எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். மீட்டர் போர்டைத் துடைக்கிற சாக்கில் நானே அப்படிப் பார்த்திருக்கிறேன். முடியாது என்று அனுப்பிவிட்டேன். போகும்போது அந்த ஆள் கோமளாவைப் பார்த்து, "மழை வந்தா கஷ்டம்மா" என்றார். என்னிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் ஏன் சொன்னார்? அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

எதிர் வீட்டில் அருள்தாஸ், அவர் சம்சாரம் செலின். மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருஷப் பழக்கம். இங்கே வாங்குகிற பேப்பர் பத்து மணிக்கு அங்கே போகும், அவர் வாங்குகிறது இங்கே வரும். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு அவர் வீடு பள்ளமாகிவிட்டது. பள்ளத்தில் இருக்கிறவர்களுக்கு மேட்டில் இருக்கிறவன்மேல் ஒரு கண் இருக்கத்தான் செய்யும். அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அதற்கான தண்ணீர்ப் பைகள் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக வரும். முன் அறையில் அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த அறையில் தூசுகூட இருக்கக் கூடாதாம்.

ஐப்பசிக் கடைசியில் இரண்டு நாள் விடாத மழை. இரண்டாம் நாள் மத்தியானம் தெருத் தண்ணீர் என் ரேம்ப் வரைக்கும் சாக்கடையில் வந்து, அதற்கு மேல் போக வழியில்லாமல் ரோட்டில் ஏறி, எதிர் வீட்டுக்குள் இறங்கிவிட்டது. இப்படிச் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை. மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் போகத்தான் செய்யும். நமக்கு ஒரு சொட்டு வரவில்லை, அந்த உயரத்துக்குக் கட்டியிருக்கிறேன். கோமளா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கே ஓடினாள். அவளும் செலினுமாகப் பெட்டிகளைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தார்கள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போதும் வா என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். மழைச் சத்தத்தில் காதில் விழவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், ஆனால் கேட்கவில்லை போலிருக்கிறது.

நான்கு நாள் கழித்து அருள்தாசுக்குக் காய்ச்சல். வயிற்றில் தொற்று. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு கட்டத்தில் பிழைப்பாரா என்றே சந்தேகமாக இருந்ததாம். சாக்கடைத் தண்ணீர் வந்ததால் வந்த தொற்று என்று டாக்டர் சொன்னதாகச் செலின் சொன்னாள். டாக்டர் என்னிடம் சொல்லவில்லை. எந்தத் தண்ணீரில் எந்தக் கிருமி இருந்தது என்று யார் கண்டது? கோமளா கஞ்சி வைத்து எடுத்துப்போவதும் வருவதுமாக இருந்தாள். அந்தப் பதினோரு நாளும் என்னிடம் அவ்வளவாகப் பேசவில்லை. பேச நேரம் இல்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மாநகராட்சி ஆட்கள் வந்துவிட்டார்கள். அதை யோசியுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, டேப்பைப் பிடித்து அளந்து, ரேம்பில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி. ஏழு நாளில் நீங்களே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நாங்கள் எடுப்போம் என்று நோட்டீஸ்.

நேரே கோட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு அம்மாள், புகார்ப் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் புகார் கொடுத்தது என்று கேட்டேன். சொல்லக் கூடாது சார் என்றார். சொல்ல வேண்டாம். எத்தனையோ வீட்டில் பீரோவுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், தலையைக் கவிழ்த்துக்கொண்டு மீட்டர் படித்தவன் நான். எழுத்து தலைகீழாக இருந்தால் எனக்கென்ன? அவர் பக்கத்தைப் புரட்டும்போது பார்த்துவிட்டேன்.

புகார்தாரர், பெண். கதவு எண் 14. பக்கத்தில் தொலைபேசி எண். யாருடையது தெரியுமா? என்னுடையது. இந்த வீட்டு நம்பர். இன்டர்நெட்டுக்காக வைத்திருக்கிற லேண்ட்லைன்.

எவ்வளவு பெரிய மூளை பாருங்கள். என் வீட்டுப் பெயரில், என் போனிலிருந்தே, என் மேல் புகார். இது என் நம்பர் அம்மா, யாரோ மோசடி செய்திருக்கிறார்கள் என்றேன். அந்த அம்மாள் பதிவேட்டை மூடிவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "வீட்டுல போய்ப் பேசிப் பாருங்க சார்" என்றார். இங்கே நிற்காதே, போ என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார். அரசாங்க ஆபீசில் முப்பத்தொரு வருஷம் இருந்தவனுக்கு அது தெரியாதா?

வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் போனை வெளியாள் எப்படி உபயோகிக்க முடியும்? உள்ளே வந்து பேசியிருந்தால் கோமளா பார்த்திருப்பாள். அவளைக் கேட்டேன், வெளியாள் யாராவது வந்து போன் பேசினார்களா என்று. வெளியாள் யாரும் வரவில்லை என்றாள். அவள் பொய் சொல்ல மாட்டாள். அப்படியானால் ஒன்றுதான் மிச்சம். கம்பி.

அதோ அந்தக் கம்பத்தில் ஒரு சின்னப் பெட்டி தெரிகிறதா? போன் லைன் அங்கிருந்துதான் வருகிறது. கரண்டுக்குக் கொக்கி போடுகிற மாதிரி, போனுக்கும் அங்கே இரண்டு முள்ளைக் குத்தினால் போதும். ஸ்டூல் போட்டு ஏறித் திறந்து பார்த்தேன். மூடியில் ஒரு கீறல் இருந்தது. புதுக் கீறல் என்று சொல்ல முடியாது, பழையது என்றும் சொல்ல முடியாது. கம்பம் யார் வாசலுக்கு நேரே இருக்கிறது? நீங்களே பாருங்கள். மெதுவாகப் பாருங்கள், திரும்பிப் பார்க்கிற மாதிரித் தெரிய வேண்டாம்.

மறுநாள் சாயங்காலம் அங்கே போனேன். அருள்தாஸ் அன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். பாதி ஆளாக ஆகியிருந்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விசாரித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். ஆனால் என்னைப் பார்த்ததும் செலின் எழுந்து உள்ளே போனாள். குற்றமுள்ளவர்கள்தான் எழுந்து போவார்கள். பிறகு தெரிந்தது, காபி போடப் போயிருக்கிறாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். என் லைனில் முள் குத்திப் பேசியிருக்கிறீர்கள், பத்தொன்பது வருஷத்துக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டேன். செலின் டம்ளரோடு நின்றுவிட்டாள். "அண்ணா, அந்தப் பெட்டி எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது" என்றாள். அருள்தாஸ் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். அவருக்கு மூச்சு வாங்கியது. "சார், ரேம்பை இடிக்கச் சொல்லி நான் கேக்கல. தண்ணி போனாப் போதும்" என்றார்.

அப்போதுதான் கோமளா உள்ளே வந்தாள், உப்பில்லாத கஞ்சியைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு. எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டிருக்க வேண்டும். பாத்திரத்தை மேஜை மேல் வைத்தாள்.

"அவங்களை ஏன் கேக்கறீங்க? நான்தான் போன் பண்ணினேன். வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு. நீங்க பேங்க்குக்குப் போயிருந்தீங்க."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முப்பத்தாறு வருஷமாகப் பார்க்கிற முகம். மேஸ்திரி, அவள் எதற்கும் எல்லோருக்கும் முன்னால் பழியை ஏற்றுக்கொள்கிறவள். மகள் சின்ன வயதில் கண்ணாடியை உடைத்தால், நான்தான் உடைத்தேன் என்பாள். ஒரு சீக்காளியை நான் நிற்க வைத்துக் கேட்பது அவளுக்குப் பொறுக்கவில்லை, அதனால் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு துல்லியமாக நாளும் மணியும் சொன்னாள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சந்தேகம் உறுதியானது. திருட்டுக் கரண்டு எடுக்கிறவன்தான் மணி சொல்லுவான். உண்மையைச் சொல்கிறவனுக்கு மணி நினைவிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன், நீ நல்லவள், ஆனால் இவர்களுக்காகப் பொய் சொல்லாதே என்று. அவள் சிரித்த மாதிரி இருந்தது. இல்லை, சிரிக்கவில்லை. "நான் சொன்னாக்கூட நீங்க என்னை நம்ப மாட்டீங்களா?" என்றாள். உன்னை நம்புவதால்தான் இதை நம்பவில்லை என்றேன். சரியான பதில்தானே? அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் ஜேசிபி வந்தது. இருபது நிமிஷம், அவ்வளவுதான். தெருவே நின்று பார்த்தது. கான்கிரீட்டைப் புரட்டிப் போட்டதும் உள்ளே சாக்கடை தெரியவில்லை, சகதிதான் கல்லாக இறுகி மேல் மட்டம் வரைக்கும் இருந்தது. அதை வாரி எடுக்க எடுக்க, அந்தப் பக்கம் தேங்கியிருந்த தண்ணீர் பாம்பு மாதிரி நெளிந்து வந்தது. பிறகு ஒரே ஓட்டம். மேல் தெருவிலிருந்துகூட ஆள் வந்து பார்த்தார்கள். உள்ளே சுவரில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது, நம் வாஷிங் மெஷின் தண்ணீர் நுரையோடு அதில் வந்துகொண்டிருந்தது. அந்தக் குழாய் அங்கே எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது என்றேன். நீங்கள் எப்படியும் பார்க்கத்தான் போகிறீர்கள், உங்களிடம் மறைப்பானேன். நான்தான் வைக்கச் சொன்னேன். ஆனால் அது வேறு விஷயம்.

கோமளா கேட்டுக்கு உள்ளே நின்று தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம். நான் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை.

அடுத்த வாரம் ஓசூருக்குப் போனாள், மகள் வீட்டுக்கு. பேத்திக்குப் பரீட்சை, கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பேத்தி இரண்டாம் வகுப்பு. இப்போதெல்லாம் இரண்டாம் வகுப்புக்கே அப்படித்தான் படிக்க வைக்கிறார்கள். நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. பெட்டியை எடுத்துக்கொண்டு இந்தப் பலகையில் ஏறி நின்றவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "பழையபடி ரேம்ப் போட்டீங்கன்னா என்னைக் கூப்பிடாதீங்க. மூடி வெச்சுக் கல்லைப் போட்டா, ஒரு போன் பண்ணுங்க. அடுத்த பஸ்ஸுல வரேன்."

இது அவள் பேச்சே இல்லை. அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு நிபந்தனை அவள் வைத்ததில்லை. பேரம் பேசத் தெரியாதவள், காய்கறிக்காரன் சொன்னதைக் கொடுத்துவிட்டு வருகிறவள். நான் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. மகள்தான் ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். அம்மா நல்லா இருக்காங்கப்பா என்பாள். பின்னால் தட்டு வைக்கிற சத்தம் கேட்கும்.

அதனால் பழைய மாதிரியே போட்டுவிடுங்கள். ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் அப்புறம் எல்லாவற்றுக்கும் எவனாவது பின்னாலிருந்து ஆட்டி வைப்பான். மறுபடியும் இடிப்பார்களா? இடிக்கட்டும். மறுபடியும் போடுவோம்.

என்ன? மூன்று மூடியும் இரும்பா, கான்கிரீட்டா என்றா கேட்டீர்கள்?

எந்த மூன்று மூடி?

நான் மூடியே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்று என்று உங்களுக்கு யார் சொன்னது? டேப்பைக் கீழே வையுங்கள். என்னைப் பாருங்கள். மழைக்குப் பிறகு எதிர் வீட்டில் நிலைப்படியை உயர்த்திக் கட்டியது யார்? நீங்களா? அதை வந்ததும் சொல்லவில்லையே. செலின்தான் உங்களை அனுப்பினாளா?

இல்லை. செலின் உங்கள் நம்பரை மட்டும்தான் கொடுத்தாள். சரி. யாருக்குக் கொடுத்தாள்?

நேற்றா? ஓசூரிலிருந்தா?

பார்த்தீர்களா. நான் அப்போதிருந்து என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன்? எல்லோரும் சேர்ந்துதான் செய்கிறார்கள் என்று சொன்னேனா இல்லையா? ஒருத்தரும் நம்பவில்லை. அவளும் கூட்டு, செலினும் கூட்டு, நீங்களும் கூட்டு. வேலை இருக்கிறதா என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து நிற்கிறீர்கள்.

இல்லை, இருங்கள். போக வேண்டாம். கோபம் ஒன்றும் இல்லை. உட்காருங்கள்.

வேறு என்ன சொன்னாள்? மூடியைத் தவிர.

சாப்பாட்டுக்கு நான் என்ன செய்கிறேன் என்றா? அதையா ஒரு கொத்தனாரிடம் கேட்பார்கள்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றீர்களா. அதுதானே பார்த்தேன். வாசலில் குடம் இருக்கும்போது, சமையலறை வரைக்கும் வந்து தண்ணீர் கேட்டீர்களே என்று. பார்த்துவிட்டீர்கள் அல்லவா? அந்தப் பாத்திரங்கள் நேற்றையவை. தினமும் அப்படி இருக்காது.

சரி. மூன்று மூடி. கான்கிரீட்டே போடுங்கள், இரும்பு போட்டால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான். கல்லும் தூக்குகிற மாதிரியே இருக்கட்டும். ரோட்டில் நீட்ட வேண்டாம். கார் தட்டினால் தட்டட்டும், அது எங்கே போகிறது. அந்தக் குழாயையும் அடைத்துவிடுங்கள். அவள் சொன்னதற்காக நான் ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டீசில் அப்படித்தான் இருக்கிறது, அரசாங்க விதி. அரசாங்கத்தில் இருந்தவன் அரசாங்க விதியை மீற மாட்டான்.

அவளிடம் எப்போது சொல்லப்போகிறீர்கள்? கல் போட்ட பிறகா? எதற்கு அவ்வளவு நாள்? இப்போதே போனைப் போடுங்கள். நான் உள்ளே போய்விடுகிறேன், நீங்கள் தாராளமாகப் பேசலாம். கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது.

கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள். அவ்வளவுதான்.